பேச்சியம்மாளின் அரிக்கேன் கூடுகள்

பேச்சியம்மாளைக் களவாணி ஆக்கியவள் உன் அம்மா. பேச்சி நம் வீட்டிலிருந்து ஒரு துண்டு மெழுகுகூட எடுத்துப் போகவில்லை. எடுத்தாள் என்று நான் சொன்னேன். யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. நம் வீட்டு வராண்டாவில், காலை வெயிலில், கையில் காப்பி டம்ளரோடு நின்று என் வாயால் சொன்னேன். பத்து வருஷம் ஆகப்போகிறது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் இதை எழுதாமலே நாலு பக்கத்தை நிரப்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டேன். கல்யாணம் முடிந்ததும் கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடப் போவதாக எழுதியிருந்தாய். அப்பாவின் ஏலக்காய் குடோன் முதலாளி, இனி உனக்கு மாமனார், தேனி ரோட்டில் இருக்கும் ஷெட்டைத் தருவதாகச் சொல்லிவிட்டார், மெழுகுக் கூடு வார்க்க அலுமினிய அச்சுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன், அம்மா பால்பவுடர் டப்பாவை வைத்துச் செய்ததை நான் கம்பெனியாகச் செய்து காட்டுகிறேன் என்று எழுதியிருந்தாய். முதல் பக்கம் முடிகிறவரை எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இரண்டாவது பக்கத்தில் இப்படி இருந்தது: ‘பத்துப் பெண்களை வேலைக்கு எடுக்க வேண்டும். காலனி ஆட்கள் மட்டும் வேண்டாம்மா. பேச்சி செய்தது மறந்துவிட்டதா? யாராக இருந்தாலும் சாயங்காலம் வாசலில் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்று முதல் நாளே சட்டம் வைத்துவிடலாம்.’ உன் அப்பா அந்த இடத்தில் குரல் தடுமாறாமல் வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். எனக்குக் கீரை கையிலேயே நின்றுவிட்டது.

உன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. நீ அன்று மதுரையில் ஹாஸ்டலில் இருந்தாய். நடந்தது எதையும் பார்க்கவில்லை. பேச்சி கெட்டி மெழுகைத் திருடி விற்றுவிட்டு இளக்க மெழுகை வைத்துவிட்டாள், அதனால்தான் தேக்கடியில் தீப்பிடித்தது என்று ஒரு இன்லாண்டு கடிதத்தில் நான்தான் உனக்கு எழுதினேன். ‘நம்பி உள்ளே விட்டதற்கு நல்ல பாடம்’ என்றும் எழுதினேன். பதினைந்து வயதில் நீ படித்த அந்தப் பாடத்தைத்தான் இருபத்தைந்து வயதில் சட்டமாக்கப் பார்க்கிறாய். எழுதிக் கொடுத்தவளே எழுதித்தான் அதைத் திரும்ப வாங்க வேண்டும்.

நான் எப்படி இந்த வேலையில் இறங்கினேன் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். தையல் டீச்சர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, கையைச் சும்மா வைத்திருப்பது நோயாக இருந்தது. முதலில் சபைக்கு வேண்டிய சாதாரண மெழுகுவத்திகளைச் செய்தேன். மலையில் ஒரு எஸ்டேட் மேனேஜரின் மனைவி கிறிஸ்மஸ் ஆராதனைக்கு வந்தபோது வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு படம். மெழுகிலேயே செய்த வாய் அகன்ற குவளை. அதன் சுவருக்குள் பூவும் இலையும் பதிந்திருக்கிறது. உள்ளே ஒரு சின்ன மெழுகுவத்தி எரிகிறது. குவளை உருகுவதில்லை. வெளிச்சம் சுவரில் பட்டு இலையெல்லாம் உயிரோடு நிற்பது மாதிரி தெரிகிறது. உள்ளே இருப்பது எரிந்து தீர்ந்தால் வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். கூடு அப்படியே இருக்கும். படத்துக்குக் கீழே ஹரிக்கேன் என்று போட்டிருந்தது. அரிக்கேன் விளக்குக்குக் கண்ணாடி எப்படியோ அப்படி இதற்கு மெழுகு என்று உன் அப்பாவுக்கு விளக்கினேன். அன்றையிலிருந்து நம் வீட்டில் அதற்கு அரிக்கேன் கூடு என்றே பெயர்.

படத்தைப் பார்த்துச் செய்வது சுலபம் என்று நினைத்தேன். பெரிய டப்பாவின் உட்சுவரில் கடலை எண்ணெய் தடவி, நடுவில் மணல் நிரப்பிய சின்ன டப்பாவை நிறுத்தி, இரண்டுக்கும் இடையில் இலையைச் செருகி, உருக்கிய மெழுகை ஊற்றினேன். இலையெல்லாம் மிதந்து மேலே வந்துவிட்டது. ஏலக்காயைப் போட்டால் காய்க்குள் இருக்கும் காற்று குமிழ் குமிழாகக் கிளம்பிச் சுவர் முழுக்க அம்மைத் தழும்பு. இருபது கூட்டையாவது திரும்பத் திரும்ப உருக்கியிருப்பேன். அப்போதுதான் உன் அப்பா பேச்சியை அனுப்பினார். அப்பா கணக்கு எழுதுகிற குடோனில் ஏலக்காய் ஆய்கிறவள், விரல் வேகமானவள், மத்தியானத்துக்கு மேல் வேலை இல்லாத நாளில் வருவாள் என்றார். வந்தவள் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பெரிய டப்பாவைக் கேட்டு வாங்கினாள். ஒரு கரண்டி மெழுகை ஊற்றி, தோசைமாவைச் சுழற்றுகிற மாதிரி டப்பாவை உருட்டிச் சுழற்றினாள். சுவரில் ஒரு தோல் மாதிரி மெழுகு படிந்தது. அது இறுகுவதற்குள் பெரணி இலையை அதன்மேல் விரலால் ஒற்றினாள். அதற்குப் பிறகுதான் சின்ன டப்பாவை இறக்கி மீதியை ஊற்றச் சொன்னாள். இலை அசையவில்லை. ஏலக்காய்க்கும் வழி கண்டுபிடித்தாள். குடோனில் கழித்துப்போடும் வெடித்த காயாக எடுத்து, வெயிலில் இரண்டு நாள் வெளுக்கப் போட்டு, ஒவ்வொன்றாக மெழுகில் முக்கி எடுத்துவிட்டுப் பதித்தாள். ஒரு குமிழ் இல்லை. ‘காயிக்கும் ஒரு சட்டை மாட்டிவிட்டாத்தான் அடங்கி நிக்கும்க்கா’ என்றாள். நான் அவளை அக்கா என்று கூப்பிடச் சொல்லியிருந்தேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. அவளுக்கு வேலை செய்ய இடம் கொடுத்தது மட்டும் பின்கட்டில். முன்வாசல் வழியாக அவள் ஒருநாளும் வந்ததில்லை. வா என்று நானும் சொன்னதில்லை. சபைக்குப் போகிற மெழுகுவத்தியை அவள் தொட வேண்டாம் என்றும் சொல்லி வைத்திருந்தேன். எல்லாரும் ஒன்று என்று ஞாயிற்றுக்கிழமை பாடிவிட்டு வந்த அதே வாயால்தான் சொன்னேன்.

தேக்கடியில் ஒரு ஹோட்டலுக்கு மாதிரி அனுப்பினேன். அதன் மலையாளத்துக்கார மேனேஜர் தாமே ஜீப்பில் மலையிறங்கி வந்தார். கூட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரணியும் கிராம்பும் காட்டுப் பூவும் ஒன்றை ஒன்று இடிக்காமல், மலைச்சரிவில் தானாக முளைத்த மாதிரி நின்றன. இது ஆரு கை என்று கேட்டார். என் கை என்றேன். பின்கட்டில் அவள் டப்பா துடைக்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது அது பொய்யாகவே எனக்குத் தோன்றவில்லை. மெழுகு என்னுடையது, அடுப்பு என்னுடையது, ஆளும் என் ஆள், அப்படியானால் கையும் என் கைதானே என்று இருந்தது. உன் ஹாஸ்டல் டிரங்குப் பெட்டியில் துணிக்கு நடுவே ஒன்றை வைத்து அனுப்பினேனே, உன் ரூமில் எல்லாரும் பார்த்து, உங்க அம்மா ஓவியமா வரைஞ்சாங்க என்று கேட்டார்கள் என்று எழுதினாயே, அதுவும் பேச்சி செய்ததுதான். உன் பதிலை அவளுக்கு வாசித்துக் காட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. கிறிஸ்மஸுக்கு ஹோட்டலில் மேஜைக்கு ஒன்று வேண்டும் என்று பெரிய ஆர்டர் வந்தது. கூட்டுக்குக் கெட்டி மெழுகுதான் வேண்டும். சுவர் ஒரு விரல் கனம் இருக்க வேண்டும். பதிக்கிற இலையும் காயும் வெளிப்பக்கத்துத் தோலோடு நிற்க வேண்டும், உள்பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது. ஏனென்றால் அது எல்லாம் காய்ந்த சருகு. திரியின் தீ அதைத் தொட்டால் கூடே ஒரு திரி ஆகிவிடும். இது உனக்கும் பாடம். ஷெட்டின் சுவரில் எழுதிப்போடு. அந்த வருஷம் மதுரையிலிருந்து கெட்டி மெழுகுப் பலகைகள் வரவில்லை. பெர்மிட் ஆபீசில் இன்று நாளை என்று இழுத்தடித்தார்கள். மேனேஜருக்கு எழுதி, பாதிதான் தர முடியும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் வேறு எங்கே போவார்? எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. இருந்த கெட்டி மெழுகோடு சபையில் எரிந்து மிஞ்சிய அடிக்கட்டைகளையும், கடையில் விற்கிற இளக்க மெழுகையும் சேர்த்து உருக்கினேன். அதோடு விட்டிருந்தாலும் தப்பியிருக்கும். நடுவில் வைக்கிற சின்ன டப்பாவை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிதாக ஒன்றை வைத்தேன். அப்படி வைத்தால் சுவர் பாதியாகிவிடும். ஒரு கூட்டு மெழுகில் இரண்டு கூடு வரும்.

பேச்சி முதல் கூட்டை டப்பாவிலிருந்து உருவியதுமே நிறுத்திவிட்டாள். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். ‘அக்கா, சுவரு மெலிசா இருக்கு. ஏலக்கா முதுகு உள்ள தட்டுப்படுது. இது நிக்காது’ என்றாள். நான் சொன்னதைச் செய் என்றேன். அவள் வாதாடவில்லை. அன்று போகும்போது விளிம்பில் கீறல் விழுந்திருந்த ஒன்றைக் கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் அதைப் பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வீட்டில் ஏற்றிப் பார்த்திருக்கிறாள். ஒரு பக்கம் முழங்கால் மடிந்த மாதிரி உள்ளே சரிந்திருந்தது. சரிந்த இடத்தில் நாலு ஏலக்காய் கரிக்கட்டையாக இருந்தன. பெரணி இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. ‘நான் பக்கத்துலயே இருந்ததால தண்ணிய ஊத்தி அமத்திட்டேன். அங்கன துணி விரிச்ச மேசையில யாருக்கா பாத்துக்கிட்டு இருக்கப் போறாக?’ என்று கேட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பொருள் எங்கே தோற்கும் என்று பார்க்க அதை ஏற்றிவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தெரிந்திருந்தது. தையல் டீச்சருக்கு அது தோன்றவில்லை. எனக்கு வந்தது கோபம்தான். என் வீட்டில் என் வேலையில் தப்புக் கண்டுபிடிக்க நீ யார் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்தச் சரிந்த கூட்டை எடுத்து, கொதித்துக்கொண்டிருந்த மெழுகுச் சட்டிக்குள் போட்டேன். கரிந்த ஏலக்காயைக் கரண்டியால் அரித்து எறிந்தேன். அவள் பக்கம் இருந்த ஒரே சாட்சி அதுதான். அது உருகுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் கூடுகள் போய்ச் சேர்ந்தன. முதல் நாள் சாயங்காலம் சாப்பாட்டு அறையில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு கூடு சரிந்து, பெரணி பற்றி, மேஜைத் துணி பிடித்துக்கொண்டது. அணைக்கப் போன பரிமாறுகிறவர் ஒருவருக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜீப் வாசலில் நின்றது. குமுளி மலை இறங்கி, லோயர் கேம்ப், கம்பம், உத்தமபாளையம் எல்லாம் தாண்டி அந்த மேனேஜர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார். மிஞ்சிய கூடுகளை ஒரு சாக்கில் கொண்டுவந்து வராண்டாவில் கொட்டினார். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது. ‘ஆரு செஞ்சது இது? சத்தியம் சொல்லு டீச்சரே’ என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகக் கேட்டார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எதிர்வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷை வாயில் வைத்தபடியே நின்றார்.

அன்று குடோனுக்கு லீவு. பேச்சி சீக்கிரமே வந்து பின்கட்டில் இருந்தாள். நான் கூப்பிட்டேன். முதல் தடவையாக அவள் வீட்டுக்குள் நடந்து முன்வராண்டாவுக்கு வந்தாள். நல்லதுக்கு என் கை, கெட்டதுக்கு அவள் கை. ‘இவதான் பதிக்கிற வேலை பூராச் செய்யிறவ. நான் வச்சிருந்த கெட்டி மெழுகை எடுத்து வித்துட்டு, கடை மெழுகைப் போட்டு ஊத்தியிருக்கா. நேத்துத்தான் எனக்கே தெரியும்’ என்றேன். எப்படி அவ்வளவு கோர்வையாக வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எடுத்தாள் என்பதோடு நிற்காமல், விற்றாள் என்றும் சேர்த்தேன். மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். ‘நீங்களா சொல்றீக, டீச்சரம்மா?’ என்றாள். அக்கா போய்விட்டது. நான் காப்பி டம்ளரைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை உதறி, மடியையும் அவிழ்த்து உதறிக் காட்டினாள். குடோனில் தினமும் சாயங்காலம் செய்து பழகிய வேலை. அதில் ஒன்றும் இல்லை என்று நாலு வீட்டுக்கும் தெரியும்படி உதறிவிட்டு, முன்வாசல் வழியாகவே இறங்கிப் போனாள்.

நம் போடியில் ஒரு பொம்பளை ஏதோ கோபத்தில் யாரையோ அடித்துவிட்டாள் என்றால் ஊர் மறந்துவிடும். ஓடிப்போனாள் என்றாலும் கொஞ்ச நாளில் மறந்துவிடும். ஏலக்காய் ஆய்கிறவள் களவாணி என்றால் மறக்காது. கைப்பிடி காய் ஒரு குடும்பத்தின் ஒருநாள் சோறு. அதனால் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு குடோனில் ஒரு வார்த்தை விழுந்தால் பத்துக் குடோனுக்கும் அது நடந்து போகும். உன் அப்பா அன்று மத்தியானமே முதலாளியிடம் சொல்லிவிட்டார். தன் சிபாரிசில் வந்தவள், நாளைக்குக் குடோனில் எதாவது குறைந்தால் தன் தலையில் விழும் என்று பயம். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். சட்டியில் நான் எதையெல்லாம் கொட்டினேன் என்று அவர் கண்ணால் பார்த்தவர். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பிறகு மோர் கேட்டார். மறுநாள் பேச்சியைக் குடோன் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அடுத்த குடோனுக்குப் போனாள், அங்கேயும் அதேதான். மலையில் எஸ்டேட்டுக்குப் போனாள். அங்கே விளைகிற காயை வாங்குகிறவரும் நம் முதலாளிதானே, கங்காணி சேர்த்துக்கொள்ளவில்லை. தை பிறப்பதற்குள் பொட்டிப்புரத்தில் அக்காள் வீட்டோடு போய்விட்டாள். அங்கே களை எடுக்கிறாள், கடலை பிடுங்குகிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் கூடு செய்வதை நிறுத்தினேன். மனம் விட்டுப்போச்சு என்று எல்லாரிடமும் சொன்னேன், பாவம் டீச்சர் என்று எனக்கு அனுதாபமும் கிடைத்தது. நான் நிறுத்தியதற்குக் காரணம் அது இல்லை. இலையைச் சுவரில் ஒற்றுகிற அந்தக் கை என்னிடம் இல்லை.

இத்தனை வருஷம் எப்படித் தூங்கினாய் என்று நீ கேட்கலாம். நன்றாகத்தான் தூங்கினேன். அதையும் தெரிந்துகொள். தப்புச் செய்தவர்களை மனசாட்சி கொல்லும் என்பதெல்லாம் நாம் சொல்லிக்கொள்வது. நமக்கு நாலு சுவரும் நல்ல பெயரும் இருந்தால் மனசாட்சி ஒரு மூலையில் படுத்துக் கிடக்கும். போன மாதம்தான் அது எழுந்து உட்கார்ந்தது. குடோனில் ஆய்கிற வேலைக்கு ஒரு பெண் வந்ததாம். பதினெட்டு, பத்தொன்பது வயசு. விரலைப் பார்த்து மேஸ்திரி உட்காரச் சொல்லிவிட்டாராம். யாரு மக என்று முதலாளி கேட்க, உன் அப்பா நிமிர்ந்து பார்த்து, இது பேச்சி மகள் செல்வி என்றாராம். அவ்வளவுதான், எழுப்பி அனுப்பிவிட்டார்கள். உன் அப்பா இதை ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். எனக்குச் செல்வியை மூன்றாவது படிக்கிற குழந்தையாகத்தான் தெரியும். அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து என்ன களவு செய்தது? என் வார்த்தை அதன் முகத்திலும் எழுதியிருக்கிறது. அது முடிந்து மூன்றாவது வாரம் உன் கடிதம் வந்தது.

நீ முதலாளியாகப் போகிறாய். அச்சு அலுமினியமாக இருந்தால் கூடு நன்றாக வரும், அது சரி. ஆனால் உன் ஷெட்டில் ஒரு கூடு சரிந்தால், யார் பதித்தது என்று கேட்பதற்கு முன்னால், என்ன மெழுகை வாங்கிக் கொடுத்தேன் என்று கேள். வேலை செய்கிறவள், இது நிற்காது என்று சொன்னால், ஏற்றிக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார். உனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும் என்பதுதான் உனக்குக் கோபம் வருவதற்குக் காரணமாக இருக்கும், என்னைப்போல. மடியை உதறச் சொல்கிற சட்டத்தை நீ வைத்தால், அந்த வாசலில் முதல் ஆளாக நான் வந்து உதறுவேன். உன் மாமனார் பார்க்கட்டும், உன் பெண்டாட்டியும் பார்க்கட்டும். திருட்டு நம் வீட்டில் நடந்தது. ஒரு பெண்ணின் பெயர் திருடு போனது.

உன் அப்பாவிடம் பேச்சியைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ‘பழசைக் கிளறாத. கல்யாணம் நல்லபடியா முடியட்டும். பொண்ணு வீட்டுக்காரக காதுல இப்பப் போயி இதைப் போடணுமா?’ என்றார். மறுநாள் தேவாரம் பஸ்ஸில் ஏறினேன். ஒரு புடவை வாங்கிக்கொண்டேன், ஒரு பை நிறையப் பழமும். பொட்டிப்புரத்தில் இறங்கி விசாரித்தபோது கடலைக்காட்டைக் காட்டினார்கள். பேச்சி தலையில் துண்டோடு வரப்பில் உட்கார்ந்து செடியிலிருந்து கடலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செல்வி. மகளின் விரல்களும் அம்மா விரல்கள் மாதிரியே நிற்காமல் ஓடின. என்னை அடையாளம் தெரிந்ததும் பேச்சி எழுந்திருக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. செல்வியைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, ‘கல்யாணச் சோலியா வந்தீகளா?’ என்று கேட்டாள். உன் கல்யாணச் செய்தி அங்கே வரைக்கும் போயிருக்கிறது.

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகைக் கலந்தது நான், டப்பாவை மாற்றியது நான், நீ சொன்னதைக் கேட்காதது நான், பொய் சொன்னது நான், என்னை மன்னித்துக்கொள் என்றேன். சொல்லும்போது அழுகை வந்தது. அதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது என்று நினைக்கிறேன். கையில் இருந்த செடியை உதறி மண்ணைத் தட்டினாள். ‘இத எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? நான் எடுக்கலைங்கிறது எனக்குத் தெரியாதா? தெரியாதவககிட்டல்ல போயிச் சொல்லணும்’ என்றாள். புடவையை அவள் பக்கம் நீட்டினேன். அதைத் தொடவே இல்லை. ‘செல்விக்கு மாப்பிள்ளை பாக்க வந்தாக. நல்ல எடம். போடியில விசாரிச்சிட்டு வாரோம்னு போனவுக திரும்பி வரல. இந்தச் சேலைய வச்சு நான் எதை மூடுறது?’ என்றாள். பத்து வருஷத்துக்கு என்ன கொடுத்தாலும் ஈடாகாது, தெரியும், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் ஒன்றும் வேண்டாம், போங்கள் என்று சொல்லிவிடுவாள் என்ற தைரியத்தில்தான் கேட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் யோசிக்கவே இல்லை. எப்போதோ யோசித்து முடித்து வைத்திருந்திருக்கிறாள். முதலாளி குடோன் வாசலுக்கு நான் வர வேண்டும். சாயங்காலம் பெண்கள் மடியை உதறி வெளியே வருகிற நேரத்துக்கு வர வேண்டும். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், உன் அப்பா கணக்குமேஜையில் இருப்பார். அங்கே நின்று, வராண்டாவில் எந்தக் குரலில் சொன்னேனோ அதே குரலில், பேச்சி எடுக்கவில்லை, நான் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அவளும் செல்வியும் அங்கே நிற்பார்கள். வேறு ஒன்றும் வேண்டாம். அழக்கூடாது என்றும் சொன்னாள். அழுதால் டீச்சரம்மா பாவம் என்று ஊர் என் பக்கம் திரும்பிவிடும் என்றாள். நான் சரி என்றேன். நிச்சயமாக வருகிறேன் என்றேன். ஒருநாள் வருகிறேன் என்றேன்.

தண்ணீர் வந்தது. செல்விதான் கொண்டுவந்தாள். குடித்தேன். அந்தப் பிள்ளை என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் கடலை பிய்க்க உட்கார்ந்துவிட்டது. பேச்சி என்னோடு ரோடு வரைக்கும் நடந்து வந்தாள். வழி காட்ட வருகிறாள் என்று நினைத்தேன். நடக்கும்போதே உன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள், பெண் என்ன படித்திருக்கிறது என்று கேட்டாள், முதலாளி வீட்டுச் சம்பந்தம் பெரிய எடந்தான் என்றாள். கிண்டலாகச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பந்தல்கால் நடுகிற நாள், பத்திரிகை கொடுக்கிற நாள், முதலாளியும் நம் வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் எல்லாம் என் தலைக்குள் வரிசையாக வந்து நின்றன. அந்த வரிசையில் எந்த இடத்தில் நான் குடோன் வாசலில் போய் நிற்பது என்று தேடிக்கொண்டே நடந்தேன். கல்யாணம் முடியட்டும் என்று உன் அப்பா சொன்ன அதே வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைப் பேச்சி எப்படியோ பார்த்துவிட்டாள்.

‘முந்தியா, பெறகா?’ என்று கேட்டாள்.

போடி பஸ் வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கை நீட்டினார். பேச்சி ரோட்டிலிருந்து ஒரு எட்டு முன்னால் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

‘ஒருநாளுன்னு சொல்லாதீக, டீச்சரம்மா. எந்தக் கெழமை? கெழமையச் சொல்லிட்டுப் போங்க.’